சின்ன ரயிலைப் பிடுங்கியது யுத்தமா?

மொரப்பூர்–தர்மபுரி புது ரயில் பாதை பத்தி எப்பல்லாம் செய்தி வருதோ, அப்பல்லாம் கூடவே ஒரு பழைய கதையும் வாட்ஸப்பில் சுத்த ஆரம்பிச்சிடும். நீங்களும் படிச்சிருப்பீங்க. வெள்ளைக்காரன் காலத்திலேயே தர்மபுரிக்கு ரயில் இருந்தது, மொரப்பூரில் கிளம்பி ஓசூர் வரைக்கும் போனது, இரண்டாம் உலகப் போரில் இரும்பு தேவைப்பட்டதால் தண்டவாளத்தைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள், அதோடு ஊரின் முன்னேற்றமும் போச்சு. கிருஷ்ணகிரிக்காரர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இதே கதையைச் சொல்வார்கள். அவர்களுக்குக் கோபம் கொஞ்சம் கூடுதல். அவர்கள் ஊரில் இன்றுவரை ரயில் நிலையம் இல்லை.

நானும் பல வருஷம் இந்தக் கதையை நம்பினேன். நம்பினதோட நிக்காம, வத்தல்மலைக்கு வரும் நண்பர்களைக் கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி, கீழே தெரியும் தர்மபுரியைக் காட்டி, "அங்க ஒரு ரயில் ஓடிச்சு தெரியுமா, யுத்தத்துல பிடுங்கிட்டாங்க" என்று சோகமாகச் சொல்லவும் செய்தேன். இப்போது அதைச் சொல்லத் தயக்கமா இருக்கு. கதை பொய்யில்லை. ஆனால் அது பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லுது, மீதிப் பாதியைக் கேட்கவிடாமல் செய்யுது. அதனால் இந்தக் குறிப்பு, ரயிலைப் பற்றியது என்பதைவிட ரயிலைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதை மேல் ஒரு விமர்சனம்.

முதலில் உறுதியா தெரிஞ்ச விஷயங்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள்தான்) இரண்டு குறும்பாதைகள் போட்டார்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 25 மைல், 1905இல். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 18 மைல் சொச்சம், 1906இல். இரண்டாவதை 1913இல் ஓசூர் வரை நீட்டினார்கள். தண்டவாளங்களுக்கு நடுவில் இரண்டரை அடிதான், அதாவது 762 மில்லிமீட்டர். மொரப்பூர் வழியாகப் போன மெட்ராஸ் ரயில்வேயின் பெரிய பாதை ஐந்தரை அடி. பெரிய ரயிலுக்குப் பக்கத்தில் இது பொம்மை மாதிரி நின்றிருக்கும். எங்க ஆயா கடைசி வரைக்கும் இதை "சின்ன ரயிலு" என்றுதான் சொல்லும். மெட்ராஸ் ரயில்வேயின் இந்தப் பகுதி 1908இல் தென்னிந்திய ரயில்வேயின் கைக்குப் போனது, கூடவே சின்ன ரயிலும். 1940களின் தொடக்கத்தில் மொரப்பூர்–ஓசூர் பாதையை மூடிப் பெயர்த்தார்கள். சுதந்திரம் வந்தபோது இரண்டு பாதையுமே இல்லை.

இந்தப் பாதைகளை எதுக்குப் போட்டாங்க?

"ஊர் முன்னேற" என்பது கதையின் பதில். அரசாங்கத்தின் சொந்தப் பதில் வேற. பஞ்சக் காப்பு என்ற கணக்கில் போட்டவை இவை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது. தானியத்தை வேகமாகக் கொண்டுசேர்க்க ரயில் வேண்டும் என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. அதன் பிறகு அரசாங்கப் பேரேட்டில் ரயில் பாதைகள் இரண்டு இனமாயின. லாபம் தரும் பாதைகள் ஒன்று, காப்புப் பாதைகள் இன்னொன்று. இரண்டாவது இனம் லாபம் தராது என்று தெரிந்தே போடுவது. அதனால் எவ்வளவு மலிவாகப் போட முடியுமோ அவ்வளவு மலிவாகப் போட்டார்கள். குறுகலான பாதை, எடை குறைந்த தண்டவாளம், சின்ன எஞ்சின்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பாருங்க. 1871 மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். செத்தவர்கள், ஊரை விட்டு ஓடியவர்கள் எல்லாம் சேர்த்து, பத்து வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு மனிதர்கள் காணாமல் போயிருக்கிறார்கள். ஆனால் மெட்ராஸ் ரயில்வேயின் பெரிய பாதை 1860களின் தொடக்கத்திலேயே இந்த மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. திருப்பத்தூர், மொரப்பூர், சேலம் வழியாக ரயில் ஓடிக்கொண்டிருந்த மாவட்டத்தில்தான் இத்தனை பேர் போனார்கள். தர்மபுரிக்காரனுக்கு 18 மைல் தள்ளி ரயில் இருந்தது. தானியம் வாங்கக் காசுதான் இல்லை.

ரயில் இருந்தால் பஞ்சம் வராது என்ற வாதத்தை அந்தக் காலத்திலேயே கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். ஆர்தர் காட்டன் கால்வாய் வெட்டுங்கள் என்று வருஷக்கணக்காகச் சொன்னார். ரமேஷ் சந்திர தத், ரயிலுக்குக் கொட்டும் பணத்தில் பாசனத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டார். ரொம்ப பிற்பாடு, 1981இல் அமர்த்தியா சென், பஞ்சம் என்பது பெரும்பாலும் உணவு இல்லாததால் வருவதல்ல, உணவை வாங்கும் சக்தி மனிதர்களிடம் இல்லாமல் போவதால் வருவது என்று புத்தகமே எழுதினார். நம்ம மாவட்டத்தின் 1871–1881 கணக்கு அவர் பக்கம்தான் சாட்சி சொல்லுது.

ஆக, சின்ன ரயில் பிறந்ததே ஒரு தவறான நோய்க் கணிப்பில்தான். பஞ்சம் முடிந்து முப்பது வருஷம் கழித்து, பஞ்சத்துக்கு மருந்தாக வந்தது. இதைச் சொன்னா ஊர்க்காரர்கள் சிலருக்குக் கஷ்டமா இருக்கும். ஆனா இதைப் புரிஞ்சுக்காம அது ஏன் போச்சுன்னு புரிஞ்சுக்க முடியாது.

அடுத்து, அது எப்படி ஓடியது. தர்மபுரி பக்கத்திலிருந்து ஒரு மூட்டை புளி மெட்ராஸுக்குப் போகணும்னு வெச்சுக்கோங்க. வண்டியில் நிலையத்துக்கு வரும். சின்ன ரயிலில் ஏற்றணும். மொரப்பூரில் இறக்கணும். பெரிய ரயிலில் மறுபடி ஏற்றணும். தண்டவாள அகலம் வேற வேற என்பதால் பெட்டியை அப்படியே மாட்டிவிட முடியாது. ஒவ்வொரு மூட்டையும் ஆளின் தோளில் மாறியாகணும். அதற்குக் கூலி, தாமதம், சிந்துவது சிதறுவது வேற. 18 மைல் பயணத்துக்கு இவ்வளவு சடங்கு.

1920களில் மோட்டார் பஸ்ஸும் லாரியும் வந்ததும் இந்தச் சடங்குக்கு அர்த்தமில்லாமல் போச்சு. லாரியில் ஒருதடவை ஏற்றினால் மண்டி வாசலில்தான் இறக்கணும். சின்ன ரயிலுக்கு மட்டும் வந்த நோவும் இல்லை இது. ரோடும் ரயிலும் போட்டி போடுவதை ஆராய மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகளை வைத்து 1930களின் தொடக்கத்தில் அரசாங்கம் ஒரு அறிக்கை வாங்கியது. 1936–37இல் வெட்ஜ்வுட் குழு வந்தது. 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. நாடு முழுக்க ரயில்வே பதறிக்கொண்டிருந்த காலம் அது. பெரிய பாதைகளே பஸ்ஸைப் பார்த்துப் பயந்தபோது, லாபம் தராது என்று தெரிந்தே போட்ட இரண்டரை அடிப் பாதையின் கதியைச் சொல்லவே வேணாம்.

போர் வந்தது இதற்கு அப்புறம்தான். மத்தியக் கிழக்குப் போர்முனைக்குத் தண்டவாளமும் எஞ்சினும் பெட்டியும் தேவைப்பட்டது உண்மை. இந்தியா முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட கிளைப் பாதைகளைப் பெயர்த்ததும் உண்மை. ஆனால் எதைப் பெயர்ப்பது என்று யார் சொன்னது? மெட்ராஸ்–ஜோலார்பேட்டை பாதையை யாரும் தொடவில்லை. இரும்பு வேண்டும் என்று கேட்டது போர். எந்த ஊர் இரும்பு என்று காட்டியது வரவு செலவுப் பேரேடு.

இதுவரைக்கும் படிச்சிட்டு, "சரி, போரும் ஒரு காரணம், நஷ்டமும் ஒரு காரணம், அவ்வளவுதானே" என்று நீங்க சொல்லலாம். அவ்வளவுதான் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எனக்கு முக்கியமா படுவது அடுத்த கேள்வி. போர் முடிஞ்ச பிறகு அது ஏன் திரும்பி வரலை?

இதே போரில் இதே தென்னிந்திய ரயில்வேயில் வேறு பாதைகளையும் பிடுங்கினார்கள். கேரளத்தில் ஷொரனூர்–நிலம்பூர் பாதை 1941இல் போச்சு. மதுரை–போடிநாயக்கனூர் பாதை 1942இல் போச்சு. சுதந்திரத்துக்குப் பிறகு, 1954 வாக்கில், இரண்டும் திரும்பி வந்தன. நிலம்பூருக்கு இன்றும் ரயில் போகுது. போடிக்கு மீட்டர் பாதையை அகலப்படுத்த 2010 கடைசியில் நிறுத்தினார்கள், பன்னிரண்டு வருஷம் இழுத்தடித்து 2023 ஜூனில் ரயில் மறுபடி போடிக்குள் வந்தது. தாமதம்தான், ஆனா வந்தது.

"யுத்தம் பிடுங்கிச்சு" என்ற கதையால் இந்த வித்தியாசத்தை விளக்கவே முடியாது. மூன்று பாதையையும் பிடுங்கியது ஒரே யுத்தம். இரண்டு திரும்பின, ஒன்று திரும்பலை.

எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அகலம். நிலம்பூர் பாதை ஷொரனூரில் சேரும் பெரிய பாதையின் அதே அகலம். போடி பாதை மதுரையில் இருந்த அதே மீட்டர் அகலம். தண்டவாளத்தை மட்டும் மறுபடி போட்டால் போதும், பெட்டியும் எஞ்சினும் ஏற்கெனவே இருக்கு, மூட்டையை மாற்றி ஏற்ற வேண்டியதில்லை. சின்ன ரயிலுக்கோ எல்லாமே தனியாக வாங்கணும், வாங்கினாலும் மொரப்பூர் சடங்கு தொடரும்.

இரண்டு, சரக்கு. நிலம்பூரில் தேக்கு. போடியில் ஏலக்காய். வெளியே போக வேண்டிய, விலை உயர்ந்த, காசுள்ளவன் காத்திருக்கும் சரக்கு. தர்மபுரி பாதையைப் போட்டவர்கள் மனசில் இருந்தது பஞ்சத்தில் உள்ளே வர வேண்டிய தானியம். வெளியே என்ன போகும் என்று அவர்கள் யோசித்துப் போடலை. அகலம் மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை. அதே இரண்டரை அடி அகலத்தில், மகாராஷ்டிராவில் யவத்மால் பக்கம் பருத்திக்காகப் போட்ட சகுந்தலா ரயில் 2010களில்கூட ஓடிக்கொண்டிருந்தது. தனக்கென்று ஒரு சரக்கு இருந்த ரயில், குறுகலாக இருந்தும் நூறு வருஷம் தாக்குப்பிடித்தது.

1960களில் தர்மபுரிக்கு மறுபடி ரயில் வந்தப்ப பழைய திசையில் வரலை. சேலம்–பெங்களூர் மீட்டர் பாதையாக, ஓமலூர் பக்கமிருந்து வந்து ஓசூர் பக்கம் போச்சு. 1990களில் அது அகலப்பாதை ஆனது. ஊருக்கு நிலையம் கிடைச்சிடுச்சு, ஆனா திசை மாறிடுச்சு. பழைய நிலையம் மொரப்பூரைப் பார்த்து, அதாவது சென்னையைப் பார்த்து இருந்தது. புது நிலையம் பெங்களூரைப் பார்த்து இருக்கு. நிர்வாகத்திலும் அப்படியே. தர்மபுரி நிலையம் இன்று தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கு, மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் இருக்கு. நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் வேலைக்கு எங்க போறாங்கன்னு பாருங்க. பெங்களூர்தான். இதுக்கு ரயில் மட்டும் காரணம் என்று நான் சொல்லலை, தூரமும் கூலியும் இருக்கு. ஆனா சென்னைக்கு ரயிலேறணும்னா தர்மபுரிக்காரன் இன்னிக்கும் மொரப்பூருக்கு பஸ் பிடிச்சுத்தான் போறான். 1906க்கு முன்னாடி அவன் கொள்ளுத் தாத்தா மாட்டு வண்டியில் போன அதே திசை.

அப்படின்னா யுத்தக் கதை ஏன் இவ்வளவு பிரபலம்? இடிக்கப்பட்ட நிலையங்களைப் பற்றி உலகம் முழுக்க எழுதப்படும் கதைகளின் அச்சில் இதையும் வார்த்துவிட்டோம் என்று நினைக்கிறேன். நியூயார்க்கின் பென்சில்வேனியா நிலையம் 1910இல் திறந்தது, 1963இல் இடிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஆத்திரத்தில் 1965இல் அந்த நகரத்துக்குப் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டமே வந்தது. லண்டனில் யூஸ்டன் நிலையத்தின் பெரிய கல் வாயிலை 1961–62இல் இடித்தார்கள், இன்னும் அதற்காகத் துக்கம் கொண்டாடுகிறார்கள். அந்தக் கதைகளில் ஓர் அழகான கட்டடம் இருக்கும், அதை இடித்த ஒரு வில்லன் இருப்பான். நம்ம கதையில் தூணும் கல் வாயிலும் இல்லை. அதனால் வில்லனை மட்டும் கடன் வாங்கிக்கொண்டோம். போர் ரொம்ப வசதியான வில்லன். அது முடிஞ்சு போச்சு, யாரையும் பதில் சொல்லக் கூப்பிட முடியாது. 1954இல் போடிக்கும் நிலம்பூருக்கும் பாதை திரும்பியபோது தர்மபுரிக்கு ஏன் இல்லை என்று கேட்டிருந்தால், பதில் சொல்ல உயிரோடு ஆட்கள் இருந்தார்கள்.

இது வெறும் பழங்கதை ஆராய்ச்சி இல்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். மொரப்பூர்–தர்மபுரி புதுப் பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். 36 கிலோமீட்டர். இந்தமுறை அகலம் ஒன்றுதான், மூட்டை மாற்ற வேண்டாம். அந்தப் பழைய தப்பு திரும்பாது. ஆனால் இரண்டாவது தப்பு திரும்பலாம். "இழந்ததை மீட்போம்" என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோமே தவிர, இதில் என்ன ஏறும், எந்த ஊர் சந்தைக்கு எந்த நேரத்தில் வண்டி வேணும், விடிகாலை சென்னை போய் இறங்க வண்டி உண்டா, நடுவில் எத்தனை இடத்தில் நிற்கும், சரக்கு ஏற்ற இடம் விடுவார்களா என்று கேட்பவர்கள் குறைவு. நிலம் கொடுக்கிறவனுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க முழு உரிமை இருக்கு. கேட்கலைன்னா நாளைக்கு வண்டி காலியாக ஓடும், இருபது வருஷம் கழித்து யாராவது பேரேட்டைத் திறந்து பார்ப்பார்கள். அப்போது போர் வர வேண்டிய அவசியம்கூட இருக்காது.

கடைசியா எங்க ஆயா விஷயம். சின்ன ரயில் போனப்ப அதுக்குப் பத்து வயசு இருக்கும். அந்த ரயிலைப் பத்தி நிறைய சொல்லும். புகை, ஊதல் சத்தம், கீழே சந்தைக்குப் போனப்ப பார்த்த பெட்டிகள். நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கேட்டேன்.

"ஆயா, நீ அதுல ஏறி எங்க போன?"

"நான் எங்கடா ஏறினேன்? காசு ஏது? பலாப்பழத்தைத் தலையில வெச்சு மலையெறங்கி, வித்துட்டு, நடந்தே ஏறி வந்துருவோம். ரயிலு எங்களுக்கில்ல, வேடிக்கை பாக்கத்தான்."

அதுக்கப்புறம் எழுபது வருஷம் மலைக்காரர்கள் அதே மாதிரிதான் இறங்கி ஏறினார்கள். வத்தல்மலைக்கு ஒழுங்கான தார் ரோடு வந்தது 2010க்கு அப்புறம். அரசு பஸ் வந்து இன்னும் சில வருஷம்தான் ஆகுது. அந்த பஸ்ஸில் பெரியூரில் ஏறும்போது நான் எண்ணிப் பார்ப்பேன், இன்னிக்கு எத்தனை பேர், எத்தனை காப்பி மூட்டை, எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று. ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறேன். பக்கத்து சீட் ஆள் எதுக்குன்னு கேட்டார். பின்னாடி யாராவது கணக்கு கேட்டா காட்டறதுக்கு என்றேன்.